அசையாமல் நின்றால் கடிகாரத்தைப் பாருங்கள்

வெண்பன்றி வளர்ப்பில் பலருக்குக் கையைக் கடிப்பது நாள் கணக்கு. பெண் பன்றி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதைத் தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். திருப்பாச்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் உணவகக் கழிவை நம்பிப் பண்ணை வைக்க நினைப்பவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

பருவத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிறப்புறுப்பு சிவந்து தடிக்கும். கன்னிப் பன்றியில் இது பளிச்சென்று தெரியும். குட்டி ஈன்ற பன்றியில் அவ்வளவாகத் தெரியாது. தீவனத்தில் நாட்டம் குறையும். பக்கத்துப் பன்றிகள் மீது தாவும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறுவதன் அடையாளங்கள் இவை. ஆனால் வீக்கத்தைக் கண்டதுமே சினை ஊசி போடுவது அவசரம்.

உண்மையான அடையாளம் அசையாமல் நிற்பது. இடுப்புக்குச் சற்று முன்னால் முதுகில் இரு கைகளையும் வைத்து அழுத்திப் பாருங்கள். பருவம் வராத பன்றி கத்திக்கொண்டு விலகி ஓடும். பருவத்தில் இருப்பது நான்கு காலையும் ஊன்றி விறைத்து நிற்கும்; பண்ணைகளில் பரவலாக உள்ள லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனமானால் காதுகள் நேராகக் குத்திட்டு நிற்கும்.

மனிதர் கை மட்டும் பட்டால் பருவத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய பாதிதான் இப்படி நிற்கும். எதிரே ஆண் பன்றியை நிறுத்தினால் அநேகமாக எல்லாமே நின்றுவிடும். ஆண் பன்றியின் வாயில் தள்ளும் நுரையில் ஆன்ட்ரோஸ்டீனோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வாசனையே இதற்கு முக்கியக் காரணம். ஆனால் சோதனை முடிந்ததும் ஆண் பன்றியை அப்புறப்படுத்திவிட வேண்டும். நெடுநேரம் எதிரில் இருந்தால் பெண் பன்றி நின்று களைத்து, பிறகு ஊசி போடும் நேரத்தில் நிற்காது.

நிற்கத் தொடங்கியதும் முட்டை வெளிவந்துவிடுவதில்லை. பருவம் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகே, அதாவது சுமார் 36 முதல் 44 மணி நேரம் கழித்தே, 15 முதல் 25 முட்டைகள் வெளியாகும். முட்டைக்கு ஆயுள் சுமார் 8 மணி நேரம், விந்தணுவுக்குச் சுமார் 24 மணி நேரம். ஆகவே முட்டை வருமுன்பே விந்து போய்க் காத்திருக்க வேண்டும். முதலில் நின்றதிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி, அதற்கு 12 மணி நேரம் கழித்து மற்றொன்று என்பது பொதுவான முறை. கன்னிப் பன்றிக்குப் பருவம் குறுகியது. சற்று முந்திக்கொள்ள வேண்டும். பன்றி விந்தைச் சுமார் 17 டிகிரியில் வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் அதைக் கெடுத்துவிடும்.

பால் மறக்கடித்த தாய்ப்பன்றி பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் பருவத்துக்கு வரும். திருத்தணி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் இது தள்ளிப்போகலாம். பன்றிக்கு வியர்வை பெயரளவுக்குத்தான்; சூடு ஏறினால் தீவனம் குறையும், அறிகுறியும் மங்கும். அதனால் காலையிலும் மாலையிலும், வெயில் தாழ்ந்த நேரத்தில் சோதியுங்கள்.

டானுவாஸ் கேபிஎம் கோல்டு பன்றி ரகத்தை உருவாக்கிய காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இந்த வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பண்ணை தொடங்குமுன் அங்கே ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள். பன்றி முதலில் நின்ற நாளையும் மணியையும் நோட்டில் எழுதுங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து சுமார் 114 நாளில் குட்டி.