வாட்டும் வெப்பமும்: இ-சிகரெட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஓசூர் ஆலைகளில் உலைகளைக் கவனிப்பவர்களுக்கு 'பி.டி.100' உணரி பழக்கமானது. மெல்லிய பிளாட்டினக் கம்பி. 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். சூடு ஏற ஏற மின்தடையும் கூடும். அந்தத் தடையை அளந்தே வெப்பத்தைச் சொல்லிவிடலாம்.

இ-சிகரெட்டின் வெப்பக் கட்டுப்பாட்டு முறையும் இதே விதியில்தான் இயங்குகிறது.

எளிய வகை, வாட் முறை. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் 0.5 ஓம் என்றால், அதற்கு 32 வாட் வைத்தால் கருவி 4 வோல்ட் கொடுக்கும். காயில் எவ்வளவு சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது. திரவம் தீர்ந்து, அதை உறிஞ்சும் பஞ்சு காய்ந்தாலும் அதே 32 வாட்தான் பாயும். பஞ்சு கருகும், திரவத்திலுள்ள கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் கிளம்பும். வெப்ப முறைக்கு நிக்கல், டைட்டானியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயில் வேண்டும். அதன் தடை குறித்த அளவைத் தொட்டதும் கருவி மின்சாரத்தைக் குறைத்துவிடும். காந்தல் (Kanthal) என்ற கலப்புலோகக் கம்பியில் இது பலிக்காது. எவ்வளவு சூடானாலும் அதன் தடை ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

வெப்ப முறையால் கருகல் குறையலாம். நிகோட்டின் அடிமைத்தனம் துளியும் குறையாது. இதை நம் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும்.

சட்டமும் இதை ஏற்பதில்லை. ஓசூர் எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டினால் வரும் கர்நாடகம் 2016இலேயே இ-சிகரெட்டைத் தடைசெய்தது, தமிழகம் 2018இல். மறு ஆண்டே நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் வந்தது. விற்பவருக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கைப் பதுக்கி வைத்தாலும் 6 மாதம் வரை சிறை உண்டு.