வீடு பெரிது, தாள் சிறிது... எழுத்து எவ்வளவு?

இரவு பத்து மணிக்கு மேல் என் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால், அது பெரும்பாலும் பிறந்தநாள் படமாக இருக்காது. கணினித் திரையைக் கைப்பேசியில் பிடித்த மங்கலான படம். கீழே ஒரு வரி: “அக்கா, பிளான்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி வருது. காலையில நகராண்மைக் கழகத்துக்குக் கொடுக்கணும்.”

கிள்ளான் பள்ளத்தாக்கில் 18 ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் வரைந்து பிழைக்கிறேன். போலிடெக்னிக் முடித்துவிட்டு டிராஃப்டராக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கோடு போடுவார்கள், சுவர் எழுப்புவார்கள், முப்பரிமாணத்தில் கூரைகூட மாட்டிவிடுவார்கள். ‘படுக்கையறை 1’ என்று எழுதும்போதுதான் வேலை நின்றுவிடும். ஒன்று, எழுத்து கண்ணுக்கே தெரியாது. அல்லது ஓர் எழுத்து திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். திரையில் பட்டன்களின் எழுத்து பெரிதாகும், தாளில் விழும் எழுத்து ஒரு மயிரிழையும் மாறாது. மேலதிகாரியிடம் கேட்க வெட்கம். ‘எழுத்துப் போடத் தெரியாதவனா வேலைக்கு வந்தாய்’ என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. கையால் வரைந்த காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. எனக்கு வேலை பழக்கிய பெரியவர் ஒருவர் தம் மேசையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே மைப்பேனாக்களும், எழுத்து வெட்டிய பிளாஸ்டிக் பட்டைகளும். 2.5 என்று குறித்த பட்டையை வைத்து எழுதினால் தாளில் எழுத்தின் உயரம் 2.5 மில்லிமீட்டர். அவ்வளவுதான். வீட்டைத்தான் அவர் அளவுகோல் பிடித்து நூறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தார், எழுத்தைச் சுருக்கவில்லை.

கணினி இந்த முறையைத் தலைகீழாக்கிவிட்டது. ஆட்டோகேட்டில் நாம் வீட்டை முழு அளவிலேயே வரைகிறோம். நம் ஊர் இரட்டை மாடி வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 22க்கு 75 அடி நிலம். அகலம் 6,706 மில்லிமீட்டர், நீளம் 22,860 மில்லிமீட்டர். அதே எண்களைத் தட்டுகிறோம். அச்சிடும்போதுதான் கணினி எல்லாவற்றையும் 1:100க்குச் சுருக்குகிறது. 67 மில்லிமீட்டர் அகலமும் 229 மில்லிமீட்டர் நீளமுமாக நிலம் தாளில் வந்து உட்காரும். எழுத்தும் வீட்டோடு சேர்ந்தே சுருங்கும். மெட்ரிக் கோப்பைத் திறந்ததும் மென்பொருள் தானாகக் காட்டும் எழுத்து உயரம் 2.5. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மாடலில் எழுதினால், 1:100 தாளில் அது 0.025 மில்லிமீட்டராக விழும். தலைமுடியைவிட மெலிசு. எறும்பு என்று சொன்ன பிள்ளை உண்மையில் எறும்பைப் பெருமைப்படுத்திவிட்டான்.

ஆகவே கணக்கு எளிது. தாளில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதை அளவுவிகிதத்தால் பெருக்குங்கள். 2.5 மில்லிமீட்டர் எழுத்துக்கு 1:50 என்றால் 125, 1:100 என்றால் 250, 1:200 என்றால் 500. மாடலில் 250 என்று எழுதும்போது கால் மீட்டர் உயர எழுத்தைச் சுவரோரம் சாய்த்து வைப்பதுபோல் தோன்றும். தோன்றட்டும். நூறில் ஒரு பங்காகும்போது சரியாகிவிடும்.

அதே 250ஐத் தாள் அமைப்பான லேஅவுட்டில் போய்த் தட்டுகிறவர்களும் உண்டு. அங்கே தாள் தன் உண்மையான அளவில் இருக்கிறது. ஏ1 தாளின் உயரமே 594 மில்லிமீட்டர்தான். ஓர் எழுத்து கிட்டத்தட்டப் பாதித் தாளை விழுங்கிவிடும். 1982இல் வந்த ஆட்டோகேட்டுக்கு இப்படித் தனியாகத் தாள் வெளி என்ற ஒன்று கிடைத்தது 1990இல்தான். தலைப்பு, பொதுக் குறிப்புகள், வரைபட எண் இவற்றை லேஅவுட்டில் பெருக்காமல் எழுதுங்கள். அறையின் பெயரும் கம்பி விவரமும் வீட்டோடு ஒட்டி இருக்கவேண்டியவை. அவை மாடலில் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. எல்லாவற்றையும் லேஅவுட்டில் எழுதுகிற அலுவலகங்களும் இருக்கின்றன. வாடிக்கையாளர் சுவரை ஒரு மீட்டர் நகர்த்தச் சொல்லும் நாளில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஏன் 2.5? யார் வைத்த கணக்கு? வரைபட எழுத்துக்கென்றே ஐஎஸ்ஓ 3098 என்ற அனைத்துலகத் தரம் இருக்கிறது. அதில் உயரங்கள் 1.8, 2.5, 3.5, 5, 7, 10 என்று ஏறும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் 1.4 மடங்கு. ஏ4, ஏ3, ஏ2, ஏ1 தாள்களின் பக்கங்களும் இதே மடங்கில்தான் வளர்கின்றன. ஏ1 தாளில் 3.5 உயரத்தில் எழுதிய எழுத்து, ஏ2வுக்குச் சுருக்கினால் 2.5 ஆகும். ஏ3க்குச் சுருக்கினால் ஏறக்குறைய 1.8. எந்தத் தாளுக்குப் போனாலும் ஏதோ ஒரு தர உயரத்தில் போய் நிற்கிறது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏ3க்குச் சுருக்குவது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. கட்டுமானத் தளத்தில் ஏ1 தாளை விரிக்க இடம் ஏது? காற்றில் பறக்கும், மழையில் நனையும். எல்லோரும் ஏ3இல்தான் அச்செடுக்கிறார்கள். ஏ1இலிருந்து ஏ3 என்றால் நீள அகலம் சரிபாதி. அலுவலகத்தில் 2.5 என்று பார்த்துப் பார்த்து வைத்த எழுத்து, தளத்தில் 1.25 மில்லிமீட்டர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியாளருடன் தளம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேல்மாடித் தளத்துக்கு இரும்புக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட் லாரி வரவேண்டும். பொறியாளர் டேப்பை எடுத்து இரண்டு மூன்று இடங்களில் கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 180. வரைபடத்தில் ‘எச்10-150’. அதாவது 10 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டர் இடைவெளி. மண்டோரைக் கூப்பிட்டார். அவர் தம்மிடமிருந்த தாளைக் கொண்டுவந்தார். வேறோர் அலுவலகம் வரைந்த படம்; ஏ3இல் எடுத்து, அதையும் நகலெடுத்த தாள். வியர்வை, சிமெண்டு, நாலாக மடித்த தடம். நான் வாங்கிப் பார்த்தேன். பத்து வருடமாக இதே எண்களை எழுதி வந்தவள் நான். எனக்கே அது 150ஆ 180ஆ என்று சொல்ல முடியவில்லை. 5இன் வயிற்றில் மை நிரம்பி 8 ஆகியிருந்தது.

கணக்குப் பாருங்கள். 150 இடைவெளியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 524 சதுர மில்லிமீட்டர் இரும்பு கிடைக்கும். 180இல் 436தான். ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்தத் தளத்தின்மேல் ஒரு குடும்பம் கட்டில் போட்டுத் தூங்கப்போகிறது. மண்டோர் ஒன்றும் பேசவில்லை. தமக்குக் கண் மங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டவர்போல் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்கள் அன்றிரவு விளக்குப் போட்டுக் கம்பிகளை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். கூடுதல் கம்பிக்கும் கூலிக்கும் யார் பணம் தருவது என்ற தகராறு பல வாரம் ஓடியது. படம் வரைந்த அலுவலகம், ‘எங்கள் ஏ1 தாளில் தெளிவாகத்தானே இருக்கிறது’ என்றது. அது உண்மைதான். ஆனால் அந்த ஏ1 தாள் தளத்துக்கு வரவே இல்லை.

இனி, இரவு பத்து மணிக் கேள்விகளுக்கு வருகிறேன்.

“எழுத்துப் போடும்போது உயரமே கேட்கமாட்டேங்குது” என்பது அடிக்கடி வரும் புகார். எழுத்து ஸ்டைலில் யாரோ ஓர் உயரத்தை நிரந்தரமாக எழுதி வைத்திருப்பார்கள். ஸ்டைல் பெட்டியைத் திறந்து உயரத்தை 0 ஆக்குங்கள். அடுத்த முறை கேட்கும். அந்த நிரந்தர உயரம் இன்னொரு வேலையும் செய்யும். அதே ஸ்டைலைப் பயன்படுத்தும் அளவுக்கோட்டுக்கு நீங்கள் தனியாக என்ன உயரம் கொடுத்தாலும் ஏறாது. மணிக்கணக்கில் அந்தப் பெட்டியில் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: ஸ்டைலில் உயரத்தை மாற்றினால் இனி எழுதுபவைதான் மாறும், முன்பே எழுதிய ஒற்றை வரி எழுத்துகள் பழைய உயரத்திலேயே நிற்கும். அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘ஸ்கேல்டெக்ஸ்ட்’ கட்டளை கொடுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்று வளரும். வெறும் ‘ஸ்கேல்’ கொடுத்தால் எழுத்துகள் வீட்டைவிட்டே ஓடிவிடும்.

அளவுக்கோடுகளுக்கு ‘டிம்ஸ்கேல்’ என்று தனியாக ஒரு பெருக்கும் எண் உண்டு. எழுத்து உயரம் 2.5, டிம்ஸ்கேல் 100 என்பது சரி. சிலர் உயரத்தையும் 250 ஆக்கி, டிம்ஸ்கேலையும் 100 ஆக்கிவிடுவார்கள். 25,000 மில்லிமீட்டர். எண்ணின் உயரம் 25 மீட்டர், வீட்டு நிலத்தின் நீளத்தையே தாண்டிவிடும். திரையில் எதுவும் புரியாமல் ஒரு பெரிய வளைவு மட்டும் தெரிந்தால், அது 6இன் வயிறாக இருக்கலாம்.

2008 பதிப்பிலிருந்து ‘அன்னோடேட்டிவ்’ என்ற வசதி இருக்கிறது. தாளில் வேண்டிய உயரத்தை மட்டும் சொல்லுங்கள், பெருக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது மென்பொருள். நல்ல வசதி, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் பாதிக் கேள்விகள் இதனால்தான் வருகின்றன. எழுதும் முன் திரையின் கீழே வலப்பக்கம் இருக்கும் அளவுவிகிதத்தை 1:100 ஆக்க வேண்டும். 1:1 ஆக விட்டுவிட்டு எழுதினால், 1:100 வியூபோர்ட்டில் எழுத்து சிறிதாகக்கூட வராது, காணாமலே போய்விடும். அழிந்துவிட்டது என்று பதறி மறுபடி எழுதாதீர்கள். மாடலுக்குப் போய் அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் அளவுப் பட்டியலில் 1:100ஐச் சேர்த்தால் வந்துவிடும். ஒரே அறையை 1:100 பிளானிலும் 1:50 விரிவுப் படத்திலும் காட்ட வேண்டுமானால் இரண்டு அளவுகளையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில் விழும். பிறகு வியூபோர்ட்டைப் பூட்டுங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரத்தை ஒரு தடவை உருட்டினால் போதும், 1:100 இருந்த இடத்தில் ஏதோ ஒரு பெயரில்லாத விகிதம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நில அளவையாளரிடமிருந்து வரும் கோப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவர்கள் மீட்டரில் வரைவார்கள், நாம் மில்லிமீட்டரில். அவர்கள் கோப்பில் நம் வழக்கப்படி 250 என்று எழுதினால் எழுத்து 250 மீட்டர் உயரம். 1:500 தாளில் 2.5 மில்லிமீட்டர் வேண்டுமானால் அங்கே கொடுக்க வேண்டியது 1.25. கோப்பு வந்ததும் ஒரு கதவையோ தெரிந்த எல்லைக் கோட்டையோ அளந்து பாருங்கள். 6706 வருகிறதா, 6.706 வருகிறதா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

கடைசியாக அச்சுப் பெட்டி. ‘தாளுக்குப் பொருத்து’ என்ற சின்னக் கட்டத்தில் டிக் இருந்தால், இதுவரை செய்த பெருக்கல் எல்லாம் வீண். லேஅவுட்டிலிருந்து ஏ1க்கு 1:1, ஏ3க்குச் சரியாக 1:2. தாளின் ஓரத்தில் ஓர் அளவுப்பட்டையும் வரைந்து வையுங்கள். அப்போது யார் எந்த இயந்திரத்தில் சுருக்கினாலும் பட்டையும் சேர்ந்து சுருங்கும்.

இப்போது என்னிடம் பழக வரும் பிள்ளைகள் ஏ1 தாளை முடித்ததும் அதை ஏ3இல் ஒன்று எடுத்து, அதையும் ஒருமுறை நகலெடுத்து, அலுவலகத்திலேயே வயதில் மூத்தவரிடம் கொடுத்துக் கம்பி எண்களைப் படிக்கச் சொல்வார்கள். எங்களிடம் கணக்கு எழுதும் ஐயாவுக்கு அறுபது நெருங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேண்டுமென்றே தப்பாகப் படித்துக் கலாட்டா செய்வார். கம்பி விவரங்களை இப்போது 3.5இல் எழுதுகிறோம். அதனால் படங்கள் நெருக்கியடித்து, ஒரு மாடிக்கு ஒரு தாள் என்று இருந்தது இரண்டு தாள் ஆகிவிட்டது. அச்சுச் செலவைக் காட்டி முதலாளி இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.