புகைக் குழாயில் ஓர் எதிரொலி

காப்பிக் கடையில் தருகிறார்களே, அந்தச் சிறிய கண்ணாடித் தம்ளர் ஒன்றை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். விளிம்பு வரை நீர் ஊற்றினால் அதில் ஏறத்தாழ 125 கன சென்டிமீட்டர் பிடிக்கும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எரித்து 25 குதிரைத் திறன் பெற முடியுமா? 1961-ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனியின் சிறு பந்தய அணி ஒன்று இதைச் செய்து காட்டியது. ஒரு லிட்டருக்கு 200 குதிரைத் திறன் என்ற கணக்கு இது. பம்பு வைத்துக் காற்றை உள்ளே திணிக்காமல், தானாகவே மூச்சு வாங்கும் எஞ்சின்களில் இந்த அளவை முதலில் எட்டியது இதுவே என்பர்.

இந்தத் திறனின் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? எஞ்சினுக்கு வெளியே தொங்கிய ஒரு தகரக் குழாயிலிருந்து! அதற்குள் ஓடிய ஒலி அலையின் கதையையும், அதை ஆட்டிவைத்த அணியின் கதையையும் சேர்த்தே காண்போம்.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்றொரு சிற்றூர் உண்டு. ராஸ்முசன் என்ற டேனிஷ்காரர் அங்கே நிறுவிய டி.கே.டபிள்யூ. தொழிற்சாலை, 1920-களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக மோட்டார் சைக்கிள்களைச் செய்து தள்ளியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வூர் சோவியத் ஆதிக்கப் பகுதிக்குள் வந்தது. போர் இழப்பீடாகத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. அவ்வூரில் பிறந்த ஆர்.டி. 125 என்ற எளிய வண்டியைப் பார்த்துப் பிரிட்டனில் பான்டம், அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் சிறு வண்டி, சோவியத் நாட்டில் மாஸ்க்வா, 1955-இல் ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டி என்று ஊருக்கொரு பிரதி செய்துகொண்டார்கள். சோப்பாவின் அறிவு உலகம் சுற்றப் புறப்பட்டது அப்போதே. எஞ்சியிருந்த தொழிற்சாலைதான் பிறகு எம்.இசட். என்ற பெயரைப் பெற்றது.

அதன் பந்தயப் பிரிவுக்கு 1953-இல் பொறுப்பேற்றவர் வால்ட்டர் காடன். 1919-இல் சாக்சனியில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஹென்ஷெல் விமான நிறுவனத்தில், வானொலி அலையால் இயக்கப்படும் குண்டு ஒன்றின் ஆய்வில் பணிபுரிந்தார். போர் முடிந்ததும் குண்டு வீச்சில் இடிந்த வீடுகளுக்குக் கூரைச் சட்டம் செய்து தரும் மரத்தொழில் நடத்தினார். ஓய்வு நேரத்தில் ஆர்.டி. 125 எஞ்சினைக் குடைந்து பந்தய வண்டி கட்டினார்.

காடன் கையில் இருந்தது ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படும் இரு வீச்சு எஞ்சின். நான்கு வீச்சு எஞ்சினில் அச்சு இரு முறை சுழன்றால்தான் ஒரு முறை எரிதல் நிகழும். இரு வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓர் எரிதல் உண்டு. அப்படியானால் இருமடங்கு திறன் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைப்பதில்லை. காரணம் இதுதான்.

இந்த எஞ்சினில் திறந்து மூடும் வால்வுகள் கிடையா. சிலிண்டரின் பக்கச் சுவரில் துளைகள் உண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகிறது. எரிந்த வாயுவின் அழுத்தத்தால் பிஸ்டன் கீழிறங்கும்போது முதலில் புகை வெளியேறும் துளை திறக்கும். சற்றுப் பின் புதிய கலவை நுழையும் துளைகள் திறக்கும். பிஸ்டன் மேலேறும்போது வரிசை தலைகீழாகும்: நுழையும் துளைகள் முதலில் மூடும், புகைத் துளை கடைசியில் மூடும். கூட்டம் நிறைந்த பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாயிலில் ஏறுகிறவர்கள் தள்ளுவதால் உள்ளே இருந்தவர்கள் பின்வாயில் வழியாக இறங்குகிறார்கள். முன்வாயிலை மூடிய பின்னும் பின்வாயில் திறந்தே கிடந்தால்? இப்போதுதான் ஏறியவர்களிலும் சிலர் பிதுங்கி வெளியே விழுவார்கள். எரியாத பெட்ரோல் கலவை அப்படித்தான் வீணாயிற்று.

போருக்கு முன் டி.கே.டபிள்யூ. தன் பந்தய வண்டிகளில் தனியே ஒரு பம்பு வைத்துக் கலவையை அழுத்தித் திணித்தது. 1938-இல் மான் தீவுப் பந்தயத்தில் எவால்ட் குளூகே அப்படிப்பட்ட வண்டியில்தான் வென்றார். போருக்குப் பின் அத்தகைய பம்புகளை விதிகள் தடை செய்துவிட்டன. இரு வீச்சு எஞ்சினின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

பம்பு கூடாது, ஆனால் விதியில் ஒலி அலைக்குத் தடை இல்லையே!

புகைத் துளை திறந்தவுடன் அழுத்தம் மிகுந்த வாயு வெடித்துக்கொண்டு குழாய்க்குள் பாய்கிறது. அப்போது ஓர் அழுத்த அலை பிறந்து, வாயுவையும் முந்திக்கொண்டு ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையை அதிரவைத்து, காற்றுத் தம்பத்தின் ஒத்ததிர்வைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாடத்தை நினைவு கூருங்கள். குழாயின் மூடிய முனையில் மோதும் நெருக்கம், நெருக்கமாகவே திரும்புகிறது. திறந்த முனையை அடையும் நெருக்கமோ நெகிழ்ச்சியாக மாறித் திரும்புகிறது. “சார், இது தேர்வுக்கு மட்டும்தானே?” என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் என்னைக் கேட்பதுண்டு. அவர்களுக்குக் காடனின் குழாயைத்தான் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன்.

அந்தக் குழாய் எஞ்சினருகே ஒடுங்கித் தொடங்கும். பிறகு கூம்பு போல் மெல்ல விரியும். நடுவில் வயிறு பெருத்து, மறுபடியும் கூம்பாகக் குறுகி, விரலளவு வாலில் முடியும். விரியும் கூம்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் முனை போன்றது. அங்கிருந்து நெகிழ்ச்சி அலை திரும்பி வந்து, சிலிண்டரில் தங்கிய புகையை உறிஞ்சி இழுக்கிறது. புதிய கலவையையும் வேகமாக உள்ளே வரவழைக்கிறது. கலவையில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே ஓடிவிடும். ஓடட்டும்! ஏனெனில் குறுகும் கூம்பு மூடிய முனை போன்றது. அதில் மோதித் திரும்பும் நெருக்க அலை, புகைத் துளை மூடுவதற்கு ஒரு கணம் முன் வந்து சேர்ந்து, ஓடிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. உடனே பிஸ்டன் கதவைச் சாத்துகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பம்பு இது.

அலை சரியான கணத்தில் வர வேண்டுமே! ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 10,800 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 180 சுழற்சி. புகைத் துளை ஏறத்தாழ அரைச் சுழற்சி நேரம் திறந்திருக்கும் என்று கொண்டால், அது 1/360 நொடி. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். இந்த நேரத்தில் அலை ஓடும் தொலைவு 500-ஐ 360-ஆல் வகுக்க வருவது, ஏறக்குறைய 1.4 மீட்டர். போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி. ஆகவே குழாயில் அலை எதிரொலிக்கும் இடம் துளையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். எஞ்சின் 14,000 சுழற்சியில் ஓட வேண்டுமானால் எவ்வளவு நீளம் தேவை? நீங்களே கண்டுபிடியுங்கள், 54 சென்டிமீட்டரை ஒட்டி விடை வந்தால் சரி.

நம் அறையின் காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் செல்லும். புகையில் 500 என்று எப்படிச் சொன்னேன்? ஒலியின் வேகம், தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. 300 கெல்வினில் 340 என்றால், 650 கெல்வினில் 500. குழாய் சூடேறாத வரையில் அலை தாமதமாகவே வரும். பந்தயம் தொடங்குமுன் வண்டிகளை உறுமவிட்டுச் சூடேற்றினார்களே, அது வெறும் ஆர்ப்பாட்டமன்று.

இக்கணக்கிலேயே அந்த எஞ்சினின் குறையும் ஒளிந்திருக்கிறது. 10,800-க்குப் பொருந்திய குழாய் 7,000 சுழற்சியில் பொருந்தாது. அலை முன்கூட்டியே வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். குறுகிய ஒரு வேக எல்லைக்குள்தான் எஞ்சின் உயிரோடு இருக்கும். ஆகவே கியர்களின் எண்ணிக்கை பெருகியது. பின்னாளில் 50 சி.சி. வண்டி ஒன்றுக்கு 14 கியர் வரை வைத்தார்கள்! வெப்பம் இன்னொரு தொல்லை. அளவுக்கு மீறிச் சூடான பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அதனால் ஓட்டுநர்கள் ஒரு விரலைக் கிளட்ச் பிடியிலிருந்து எடுக்கமாட்டார்கள்.

விரியும் குழாயை முதலில் எண்ணியவர் காடன் அல்லர். மேற்கு ஜெர்மனிக்கு இடம்பெயர்ந்த டி.கே.டபிள்யூ. நிறுவனத்தின் எரிக் வோல்ஃப் அதை முன்பே பொருத்தியிருந்தார். கலவை நுழைவதைச் சுழலும் மெல்லிய தகட்டால் கட்டுப்படுத்தும் முறை, டேனியல் சிம்மர்மான் என்ற தனிப் பந்தய வீரர் பயன்படுத்தியது. கலவைக்கு மூன்றாவது நுழைவாயில் ஒன்றைக் காடன் சேர்த்தார். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று இசையும்படி, அலைகாட்டியின் திரையில் அழுத்த அலைகளைப் பார்த்துப் பார்த்து, குழாயை வெட்டி ஒட்டி, மறுபடியும் வெட்டி அவர் பொருத்தியதே பெரிய சாதனை என்பேன். நல்ல உலோகமும் அந்நியச் செலாவணியும் கிட்டாத நாட்டில் இதைச் செய்தார் என்பதையும் மறக்க வேண்டாம்.

பலன் மெல்லக் கிடைத்தது. 1958-இல் சுவீடன் கிராண்ட் பிரீ 250 சி.சி. பந்தயத்தில் ஹோர்ஸ்ட் ஃப்யூக்னர் வென்றார். 1959-இல் கேரி ஹாக்கிங் சுவீடனிலும் அல்ஸ்டரிலும், எர்னஸ்ட் டெக்னர் இத்தாலியின் மோன்சாவிலும் வென்றனர். இந்த டெக்னர் வெறும் ஓட்டுநர் அல்லர். எஞ்சின் நுட்பமும் கற்றவர். காடனின் பட்டறையில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

1961-ஆம் ஆண்டு வந்தது. 125 சி.சி. பிரிவில் டெக்னர் மேற்கு ஜெர்மனியில் வென்றார். சொந்த நாட்டின் சாக்சன்ரிங் ஓடுதளத்தில் வென்றார். செப்டம்பர் தொடக்கத்தில் மோன்சாவிலும் வென்றார். ஹோண்டாவில் ஓட்டிய ஆஸ்திரேலியர் டாம் ஃபிலிசைவிட அவர் முன்னிலையில் இருந்தார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில்!

இதற்கிடையே ஆகஸ்டு 13-ஆம் நாள் பெர்லினில் சுவர் எழும்பத் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 17-இல் சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் அடுத்த பந்தயம். டெக்னரின் எஞ்சின் சில சுற்றுகளிலேயே பழுதாயிற்று. அவர் அணியோடு ஊர் திரும்பவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அதே நாள்களில் அவருடைய மனைவியும் இரு சிறு குழந்தைகளும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடந்தனர். குழந்தைகள் சத்தமிடாதிருக்கத் தூக்க மருந்து கொடுத்திருந்தார்களாம்.

கடைசிப் பந்தயம் அக்டோபரில் அர்ஜென்டினாவில். கிழக்கு ஜெர்மனி டெக்னரின் உரிமத்தைப் பறித்தது. வேறொரு நிறுவனத்தின் வண்டியில் கலந்துகொள்ள அவர் முயன்றார். வண்டி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. ஃபிலிஸ் வென்றார், 44-க்கு 42 என்ற புள்ளிக் கணக்கில் பட்டம் அவருக்குப் போயிற்று.

டெக்னர் அடுத்துச் சென்ற இடம் ஜப்பானின் ஹமமட்சு. சுசுகி நிறுவனத்தின் ஊர். 1960, 1961 இரு ஆண்டுகளும் கிராண்ட் பிரீயில் போராடி ஒரு வெற்றியும் காணாத நிறுவனம் அது. காடனின் குழாய் ஒன்றும் மறைத்துவைத்த பொருள் அன்று. பந்தயத்துக்கு வந்த எவரும் அதைப் படமெடுத்திருக்கலாம். ஆனால் கூம்பின் கோணம் என்ன, துளை எத்தனை பாகை திறந்திருக்க வேண்டும், எந்த உலோகம் வெப்பத்தைத் தாங்கும் என்பவை படத்தில் தெரியா. அவற்றைத் தலைக்குள் வைத்திருந்த ஒருவர் வந்து சேர்ந்தார். 1962-இல் புதிதாகத் தொடங்கிய 50 சி.சி. பிரிவின் முதல் உலகப் பட்டத்தை டெக்னர் சுசுகியில் வென்றார். இரு வீச்சு எஞ்சினுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டமும் அதுவே.

சுவருக்கு அப்பால் தன் பிள்ளைகளை வளர்க்க விரும்பிய மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காடனின் நிலையை எண்ணிப் பாருங்கள். எட்டு ஆண்டு உழைப்பு எட்டு மாதத்தில் வேறொருவர் கொடியின் கீழ் ஓடுவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. அவர் எம்.இசட். நிறுவனத்தைவிட்டுப் போகவில்லை. 1963-இல் மைக் ஹெயில்வுட் சாக்சன்ரிங்கில் காடனின் 250 சி.சி. வண்டியில் வென்றார். 1964-இல் அமெரிக்காவின் டேட்டோனாவில் ஆலன் ஷெப்பர்ட், 1971-இல் பெல்ஜியத்தில் சில்வியோ கிராசெட்டி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வெற்றிகள் வந்தன. உலகப் பட்டம் மட்டும் எம்.இசட்டுக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1970-களின் நடுவில் அணி கிராண்ட் பிரீயிலிருந்து விலகிக்கொண்டது. 1990-இல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடும் இல்லாமற்போயிற்று. காடன் 1996-இல் காலமானார். டெக்னர் அவருக்கு முன்பே, 1983-இல் இறந்துவிட்டார். ஜப்பானின் சுசுகா ஓடுதளத்தில் ஒரு வளைவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எதிரொலிக் குழாயோ எங்கும் பரவியது. 1964-இல் யமஹா 250 சி.சி. பட்டத்தை வென்றது. 1975 முதல் 2001 வரை, 500 சி.சி. பிரிவின் அத்தனை பட்டங்களையும் இரு வீச்சு எஞ்சின்களே வென்றன. 1984-இல் சுசுகியின் கூட்டுறவோடு 100 சி.சி. இரு வீச்சு வண்டி நம் ஓசூரிலும் உருவாயிற்று. அலை எவ்வளவுதான் திருப்பித் தள்ளினாலும் கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் வெளியேறத்தான் செய்யும். கலவையோடு சேர்ந்து எண்ணெயும் எரிந்து புகையும். காற்று மாசு விதிகள் இறுகியதும் சாலைகளில் அந்த எஞ்சின்கள் அருகின. பந்தயத்திலும் 2002-இல் தொடங்கி ஒவ்வொரு பிரிவாக நான்கு வீச்சு எஞ்சின்கள் இடம் பிடித்தன. 2011 நவம்பரில் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த 125 சி.சி. பந்தயமே, கிராண்ட் பிரீயில் இரு வீச்சு எஞ்சின்கள் ஓடிய கடைசிப் பந்தயம்.