எலியின் இரத்தத்தில் எவ்வளவு மருந்து?

ஒரு புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளிடம் நச்சுச் சோதனை நடக்கிறது. 'கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தோம், தீங்கில்லை' என்று எழுதிவிட்டால் போதாது. குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போன மருந்து எப்படித் தீங்கு செய்யும்? இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை நேரம் தங்கியது என்று தெரிந்தால்தான் அந்த முடிவை மனிதரோடு ஒப்பிடலாம். மருந்து விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐ.சி.எச். அமைப்பு, 1994-இல் எஸ்3ஏ என்ற வழிகாட்டியையே இதற்காக வெளியிட்டது.

இரத்தத்தில் மருந்தின் செறிவை நேரத்துக்கு எதிரே வரைந்தால், ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். அதன் கீழுள்ள பரப்பே உடல் சந்தித்த மருந்தின் மொத்த அளவு. பள்ளியில் படித்த சரிவகங்களாக அதை வெட்டிக் கூட்டினால் விடை வந்துவிடும்.

நாயிடம் ஒரே நாளில் பலமுறை இரத்தம் எடுக்கலாம். சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். அதன் மொத்த இரத்தமே 2 மில்லிலிட்டருக்குள்தான். ஆகவே ஓர் எலியிடம் ஒரே ஒரு மாதிரி எடுப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஆறு நேரங்கள், நேரத்துக்கு மூன்று எலிகள் என்று வைத்தால் 18 எலிகள். நேரவாரியாகச் சராசரி கண்டு கோட்டை வரைகிறோம். கிடைப்பது ஒரே ஒரு பரப்பு. அது எந்தத் தனி எலிக்கும் உரியதல்ல. அப்படியானால் அதன் பிழை வரம்பை எப்படிக் கணிப்பது?

1988-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் பெய்லர் காட்டிய வழி அழகானது. சரிவக விதியைப் பிரித்துப் பார்த்தால், பரப்பு என்பது ஒவ்வொரு நேரத்துச் சராசரியையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டிய தொகைதான். அந்த எடை, மாதிரி எடுத்த நேரங்களின் இடைவெளியைப் பொறுத்தது. ஒவ்வொரு நேரத்திலும் வேறு எலிகள் என்பதால் அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை. எனவே ஒவ்வொரு சராசரியின் விலக்க வர்க்கத்தையும் எடையின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பின் திட்டப்பிழை கிடைத்துவிடும். ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, மருந்தளவை இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கிறதா என்றெல்லாம் அதன்பின் சோதிக்கலாம். ஒரே எலி இரண்டு மூன்று மாதிரிகள் தந்தால் அவற்றுக்கிடையே உள்ள தொடர்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அதற்கும் முறைகள் வந்துவிட்டன.

விலங்கின் பரப்பை மனிதரின் பரப்பால் வகுத்துத்தான் மருந்தின் பாதுகாப்பு இடைவெளியை மதிப்பிடுகிறார்கள். பிழை வரம்பைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் தருவது, உயிர் கொடுத்த எலிகள் சொன்னதில் பாதியை மறைப்பதாகும் என்பேன்.

இப்போது கருவிகளின் நுண்மை கூடியிருக்கிறது. 50 மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவான இரத்தமே போதும். அந்த நுண்மாதிரி முறைக்கு ஐ.சி.எச். 2017-இல் தனி விளக்கம் தந்தது. ஒரே சுண்டெலியிடம் பலமுறை மாதிரி எடுக்க முடிவதால், இரத்தத்துக்காகவே தனியே வளர்க்கப்பட்ட எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடிகிறது.