எரிகிற விளக்கு சாட்சி ஆகாது

வயரிங் வேலை முடிந்த அன்று வயர்மேன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டுகிறார். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மிக்சி ஓடுகிறது. வீட்டுக்காரரும் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுகிறார். வேலை சரியாக நடந்தது என்பதற்கு நாம் கொள்ளும் சாட்சி இவ்வளவுதான். ஆனால் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருந்தாலும் விளக்கு எரியும். பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாவிட்டாலும் மிக்சி ஓடும். திருகு பாதிதான் இறுகியிருந்தாலும் ஃபேன் சுற்றும். மின்சாரம் வேலை செய்ய இரண்டு கம்பி போதும். ஆளைக் கொல்லாமல் வேலை செய்யத்தான் மற்ற ஏற்பாடுகள் தேவை. அவை குறைந்திருப்பதை அன்றாடப் புழக்கத்தில் யாரும் உணர முடியாது. ஆகவே வயரிங்கை வேறு விதமாகச் சோதிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் சுவிட்ச். பேஸ் கம்பி சுவிட்ச் வழியாகத்தான் ஹோல்டருக்குப் போக வேண்டும். நியூட்ரல் நேராகப் போகலாம். இது மாறிவிட்டால், சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுகிறவர், அணைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் விரலை வைக்கிறார். எல்.இ.டி. பல்பு வந்த பிறகு இதில் ஒரு சின்ன துப்பு கிடைத்திருக்கிறது. அணைத்த பல்பு இரவில் மின்மினி போல மங்கலாக ஒளிர்ந்தால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கக்கூடும். சுவிட்சிலுள்ள சிவப்பு இண்டிகேட்டராலும் அப்படி ஒளிரலாம் என்பதால், வயர்மேன் டெஸ்டர் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளை மேலே இருக்க, நேரே நின்று பார்த்தால் பேஸ் வலப்பக்கம் வர வேண்டும். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிப்பாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: அது முதலில் தொட்டு, கடைசியில் விலக வேண்டும், பேஸ் துளைக்குள் தவறியும் நுழையக் கூடாது.

வட்டக்கோட்டைப் பக்கம் இந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்ப் படையை நடத்திய டிலனாய் கடலோரத்தில் கருங்கல்லால் எழுப்பிய கோட்டை அது. மதில்மேல் நின்றால் காற்று உதட்டில் கரிக்கும். அதே காற்றுதான் லீபுரம், அஞ்சுகிராமம் வீடுகளின் சுவிட்ச் போர்டுக்குள்ளும் நுழைகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஒரு பழைய 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கழற்றினால், செம்புக் கம்பி நுனியில் பச்சை பூத்திருக்கும், திருகில் துரு ஏறியிருக்கும், வயரின் உறை பழுத்துச் சுருங்கியிருக்கும். அந்த இணைப்பில் 0.3 ஓம் தடை ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2,000 வாட் கெய்சர் இழுக்கும் 8.7 ஆம்பியரில், அந்த ஒற்றைத் திருகில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படி ஒன்று கனன்றுகொண்டிருந்தாலும் எம்.சி.பி. விழாது, ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை. பித்தளை டெர்மினல், ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஆண்டுக்கு ஒருமுறை திருகுகளைப் பார்த்து இறுக்குவது ஆகியவற்றைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

எர்த் குழி எடுத்தாயிற்று, எம்.சி.பி. போட்டாயிற்று, இனி என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. கரியும் உப்பும் இட்டுப் புதைத்த ஜி.ஐ. பைப் கடலோர மண்ணில் அரித்துப்போகும். கோடையில் மேல்மணல் காய்ந்துவிடும். குழியின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். வாஷிங் மெஷினின் தகட்டில் பேஸ் பட்டால், மண்ணுக்குள் ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணச் சுமையாகவே எடுத்துக்கொள்ளும். மெஷினின் உடலோ ஏறக்குறைய முழு வோல்டேஜில் நிற்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்து, பளிச்சென்று எரிகிறதே, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்வது நம் ஊர் வழக்கம். எரியும் அந்த பல்பின் தடை 530 ஓம் அளவு. அதோடு 20 ஓம் சேர்ந்தால் வெளிச்சத்தில் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. எர்த் டெஸ்டர் கருவியால் ஓம் கணக்கில் அளந்தாலொழிய அந்தக் குழியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மனித உடலின் கணக்கு இதைவிட நுண்ணியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல், கம்பியைப் பிடித்த கையை விடுவித்துக்கொள்ள முடிகிற மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அளந்து காட்டினார். ஈரக்கையின் தடையை 1,000 ஓம் என்று கொண்டால் 230 மில்லிஆம்பியர் உடலில் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். 6,000 மில்லிஆம்பியருக்காகச் செய்த 6 ஆம்பியர் எம்.சி.பி.யை அசைக்கவோ அது போதாது. எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.; வயர்மேன்கள் பலர் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்கிறார்கள். பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள்ளும், 150 குறைந்தால் 0.04 விநாடிக்குள்ளும் துண்டித்துவிடும். எர்த் இருந்தால், யாரும் தொடும் முன்பே விழும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் இரு கையால் தொட்டால் மட்டும் அதற்குத் தெரியாது. போனது முழுவதும் திரும்பிவிடுகிறதே.

மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகிறது, எனவே நேராக இணைத்துவிட்டோம் என்கிறார்கள். தொல்லை உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அது கருவியின் குற்றம் அல்ல. நனைந்த வெளிவிளக்கு, உப்பு படிந்த மோட்டார், இன்வெர்ட்டர் நியூட்ரலை வேறு சுற்றின் நியூட்ரலோடு கலந்துவிட்டது போன்றவையே காரணம். வெளிவிளக்குக்கும் மோட்டாருக்கும் தனி ஆர்.சி.சி.பி. வைத்தால் வீடு முழுவதும் இருட்டாகாது. முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு வாதம். அந்த முப்பது வருஷத்தில் பழுதும் ஈரக்கையும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். அன்று அந்த வீட்டில் கெய்சரும் வாஷிங் மெஷினும் கிடையாது. எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு இழுத்துக் கட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை: நியூட்ரல் எங்கே அறுந்தாலும் ஃபிரிட்ஜின் கதவு பேஸாகிவிடும். செலவைச் சொல்கிறவர்களுக்கு அரசு விதியும் நெடுநாள் துணை நின்றது. 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிகள், 250 வோல்ட்டுக்கு மிகாத, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு இந்தக் காப்பிலிருந்து விலக்கு அளித்தன. சிறிய வீட்டில் மின்சாரம் குறைவாக ஓடுகிறது என்பதால் அங்கே உடலின் தாங்குதிறன் கூடிவிடுவதில்லை.

கணக்குத் தீர்க்கும் முன் வயர்மேனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். சுவிட்சை அணைத்த நிலையில் ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் ஒளிரக் கூடாது. எர்த் குழியின் ஓம் அளவை, மழைக்குப் பிறகு அல்ல, கோடையில் எடுத்துச் சுவரில் எழுதிவைக்கட்டும். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். அழுத்திய உடனே வீடு இருட்டாக வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அன்றே ஆளை வரவழையுங்கள்.