தங்க மணையும் சந்தை ராணிகளும்

உட்காருவதற்குத்தான் மணை செய்வார்கள். ஆனால் யாருமே உட்காரக் கூடாத மணை ஒன்று இருக்கிறது. அரசர்கூட அதில் உட்கார மாட்டார். அந்த மணைக்காக ஒரு பெரிய போரே நடந்தது.

அந்த மணை உள்ள ஊர் குமாசி. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் அக்ரா. அது கடற்கரை ஊர். அங்கிருந்து வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டர் உள்ளே போனால் குமாசி வரும். நம் நாட்டில் மாநிலங்கள் இருப்பதுபோல் கானாவில் 16 பகுதிகள் உள்ளன. அவற்றில் அசாந்தே பகுதிக்குத் தலைநகரம் குமாசி.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இங்கே சந்தையை நடத்துபவர்கள் பெண்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

மரம் தழைத்த ஊர்

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சிறுசிறு நாடுகள் இருந்தன. அவை வேறொரு அரசுக்குக் கப்பம் கட்டி வந்தன. ஓசெய் டுட்டு என்ற அரசர் அவற்றை ஒன்று சேர்த்தார். 1701இல் கப்பம் கேட்ட அரசைப் போரில் வென்றார். அசாந்தே பேரரசு இப்படித்தான் எழுந்தது.

அவருக்குத் துணையாக அனோச்சி என்ற பூசாரி இருந்தார். தலைநகரை எங்கே அமைப்பது என்று பார்க்க, அவர் கும் என்ற மரத்தின் கன்றுகளை வேறு வேறு ஊர்களில் நட்டாராம். ஓர் ஊரில் கன்று தழைத்தது. அந்த ஊர் குமாசி. 'கும் மரத்தடி' என்று பொருள். இன்னோர் ஊரில் கன்று பட்டுப்போனது. அந்த ஊர் குமாவு. 'கும் செத்தது' என்று பொருள். பாவம், அந்த ஊருக்கு இன்றும் அதே பெயர்தான்!

தங்க மணையை வானத்திலிருந்து இறக்கியவரும் அனோச்சிதான் என்கிறார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமையாம். அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சூட்டுவது வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு கோஃபி என்று பெயர். மணைக்கும் அதே பெயர்: வெள்ளிக்கிழமை பிறந்த தங்க மணை. ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938இல் குமாசியில் பிறந்தவர். அவர் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அசாந்தே மணை நாம் சாப்பிட உட்காரும் மணையைவிட உயரமானது. நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் மேலே வளைந்திருக்கும். தங்க மணையில் தங்கள் மக்கள் அனைவரின் உயிரும் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். அதனால்தான் அதில் யாரும் உட்காருவதில்லை. அதைத் தரையிலும் வைப்பதில்லை.

அந்த நாட்டில் தங்கம் நிறைய. தங்கத்தூள்தான் காசு. தராசும் எடைக்கல்லும் இல்லாமல் வியாபாரி வெளியே கிளம்ப மாட்டார். எடைக்கற்களைப் பித்தளையில் வார்த்தார்கள். மீன், பறவை, முதலை என்று பல உருவங்கள். சிறு எடைக்கு விதைகளை வைத்தார்கள். நம் பக்கம் தட்டார்கள் குன்றிமணி வைத்து நிறுத்தது நினைவிருக்கிறதா? அதுபோலத்தான். வடக்கே கோலாக்கொட்டை போனது. நாம் வெற்றிலை பாக்கு மெல்வதுபோல் அதை மெல்வார்கள். தெற்கே கடற்கரைக்குத் தங்கம் போனது. மனிதர்களும் போனார்கள். போரில் பிடிபட்டவர்களை ஐரோப்பியருக்கு அடிமைகளாக விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். பெருமையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மணை கேட்ட வெள்ளைக்காரர்

தங்கம் இருக்கும் இடத்தை ஆங்கிலேயர் விடுவார்களா? 1874 பிப்ரவரியில் அவர்களுடைய படை குமாசிக்குள் நுழைந்தது. நகரைக் கொளுத்தியது. அரண்மனையை வெடி வைத்துத் தகர்த்தது. அங்கிருந்த தங்கப் பொருள்களைக் கொள்ளையடித்தது. பிறகு அசாந்தே அரசுக்கே அபராதமும் விதித்தார்கள். 50,000 அவுன்ஸ் தங்கம்! ஒன்றரை டன்னுக்கும் மேல்.

1896இல் மறுபடி வந்தார்கள். அப்போது பிரெம்பே என்ற இளம் அரசர் ஆட்சியில் இருந்தார். அவர் போர் செய்யவில்லை. அப்படியும் அவரையும் அவருடைய தாயையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் 1900இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அதே ஆண்டு மார்ச் மாதம். ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேய ஆளுநர் குமாசிக்கு வந்தார். தலைவர்களைக் கூட்டினார். "தங்க மணை எங்கே? நான் உட்கார அதை ஏன் கொண்டுவரவில்லை?" என்ற பொருளில் கேட்டார். தலைவர்கள் பேசாமல் கலைந்து போனார்கள்.

அன்று இரவு என்ன செய்வது என்று யோசித்தார்கள். சிலர் தயங்கினார்கள். அப்போது எஜிசு என்ற ஊரின் அரசித்தாய் எழுந்தார். அவர் பெயர் யா அசந்தேவா. வயதானவர். ஆண்கள் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போவோம் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். அவரே போருக்குத் தலைமை ஏற்றார். ஆளுநர் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். பல வாரம் முற்றுகை. வெளியிலிருந்து பெரிய படை வந்த பிறகுதான் ஆங்கிலேயரால் வெல்ல முடிந்தது. யா அசந்தேவாவையும் செஷல்சுக்கு அனுப்பினார்கள். 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் மணை மட்டும் ஆங்கிலேயர் கையில் கிடைக்கவே இல்லை. அதைக் காட்டில் புதைத்து வைத்திருந்தார்கள்.

செஷல்சில் பிரெம்பே என்ன செய்தார் தெரியுமா? ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். சிறைப்பட்ட நாட்டில், வளர்ந்த வயதில், ஓர் அரசர் கற்றுக்கொண்டார். உடன் இருந்தவர்களின் பிள்ளைகள் படிக்கவும் ஏற்பாடு செய்தார். தம் குலத்தின் வரலாற்றையும் அங்கே எழுதி வைத்தார். 1924இல்தான் அவரை ஊர் திரும்ப விட்டார்கள். பிடித்துப்போய் 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் குடியிருக்க மன்ஹியா என்ற மாளிகையை ஆங்கிலேயர் கட்டிக் கொடுத்தார்கள். அசாந்தே மக்கள் அதை இனாமாக வாங்கவில்லை. கட்டிய செலவைக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அது அருங்காட்சியகம். கொள்ளை போன பொருள்களில் 32ஐ லண்டன் அருங்காட்சியகங்கள் 2024இல் அனுப்பிவைத்தன. திருப்பிக் கொடுக்கவில்லை, கடனாகக் கொடுத்தன. சொந்தக்காரர்களுக்கே மூன்று ஆண்டுக் கடன்!

பெண்கள் சந்தைக்கு வந்தது எப்படி?

1903இல் கடற்கரையிலிருந்து குமாசிக்கு ரயில் வந்தது. அதே காலத்தில் கோக்கோ சாகுபடியும் பரவியது. சாக்லேட் செய்வது இந்தக் கோக்கோ விதையிலிருந்துதான். 1911இல் உலகிலேயே அதிகமாகக் கோக்கோ விளைவித்தது அந்த நாடுதான். அப்போது அதன் பெயர் கோல்டு கோஸ்ட். அதாவது தங்கக் கரை. 1957இல் விடுதலை பெற்றபோது கானா என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

கோக்கோவில் நல்ல பணம் கிடைத்தது. ஆண்கள் சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டுத் தோட்டம் போடப் போனார்கள். காலியான இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அசாந்தே மக்களிடம் சொத்து தாய்வழியில் போகும். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் முன்பு இருந்த மருமக்கள்தாயம் போன்றது. கணவர் இறந்தால் அவர் சொத்து அவருடைய அக்கா தங்கையின் பிள்ளைகளுக்குப் போகும். கூடவே உழைத்த மனைவிக்கு ஒன்றும் இல்லை. கணவரின் தோட்டத்தை நம்பி உட்கார முடியுமா? அதனால் தன் கையில் தனிக் காசு வேண்டும் என்று பெண்கள் நினைத்தார்கள். 1985இல்தான் கானாவில் சட்டம் மாறியது. உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது.

சரக்குக்கு ஒரு ராணி

குமாசி மத்தியச் சந்தை மேற்கு ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். இவ்வளவு பேரை யார் கட்டி மேய்ப்பது? ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ராணி இருக்கிறார். பெருவள்ளிக் கிழங்குக்கு ஒரு ராணி. தக்காளிக்கு ஒரு ராணி. மரவள்ளிக்கும் வாழைக்காய்க்கும் தனித்தனி ராணி. அசாந்தே மொழியில் ஒஹெம்மா என்பார்கள். ஒவ்வோர் ஊரின் அரசித்தாயையும் அப்படித்தான் அழைப்பார்கள். யா அசந்தேவா வகித்த பதவியின் பெயரும் இதுவே.

சந்தை ராணி பதவி தாயிடமிருந்து மகளுக்குத் தானாக வந்துவிடாது. அந்தச் சரக்கை விற்கும் பெண்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். பல ஆண்டு அனுபவம் வேண்டும். நிதானமாகப் பேசத் தெரிய வேண்டும். ஒருதலையாகப் பேசாதவர் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல மூத்த வியாபாரிகள் சிலர் இருப்பார்கள்.

ராணியின் முக்கிய வேலை வழக்குத் தீர்ப்பது. ஒருத்தி மொத்தமாகக் கிழங்கு வாங்குகிறாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே பல அழுகல். விற்றவள் பொறுப்பா, வாங்கியவள் பொறுப்பா? இதற்குக் கோர்ட்டுக்குப் போனால் கிழங்கு அத்தனையும் அழுகிவிடும். ராணி இரண்டு பக்கமும் கேட்டு அன்றே முடித்துவிடுவார். ராணியாலும் முடியாத பெரிய வழக்கு மன்ஹியா அரண்மனைக்குப் போகும்.

எங்கள் மையத்தில் இதைச் சொன்னபோது காய்கறி விற்கும் அக்கா ஒருவர் கேட்டார், "கடன் வாங்கிட்டு ஏமாத்தினா என்ன செய்வாங்க?" நல்ல கேள்வி. அங்கே வியாபாரம் பெரும்பாலும் கடனில்தான் நடக்கிறது. சரக்கை விற்ற பிறகுதான் பணம். ஏமாற்றியவள் மேல் ராணியிடம் புகார் போகும். ராணியின் பேச்சைக் கேட்காதவளுக்கு அந்த வரிசையில் யார் மறுபடி கடன் தருவார்கள்? கடன் இல்லாவிட்டால் கடையும் இல்லை. சாவு வீட்டுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் ராணி தலைமையில் எல்லோரும் போவார்கள். பணமும் கொடுப்பார்கள். அங்கே சாவுச் செலவு மிகப் பெரிய செலவு.

எல்லாச் சரக்கும் பெண்கள் கையில் இல்லை. கறிக்கடைகள் ஆண்களுடையவை. ராணிகள் மேல் குறையும் சொல்கிறார்கள். தக்காளி போன்ற சரக்கின் வரத்தைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றுகிறார்கள் என்பது அந்தக் குறை. விலை விழுந்தால் எங்களுக்கும் நஷ்டம், விளைவித்தவருக்கும் நஷ்டம் என்பது ராணிகளின் பதில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

1979இல் இந்தப் பெண்களுக்குப் பெரிய சோதனை வந்தது. ஜூன் மாதம் ராணுவத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். அப்போது விலைவாசி தாறுமாறாக ஏறியிருந்தது. பதுக்கல் செய்வது சந்தைப் பெண்கள்தான் என்று பழி போட்டார்கள். அக்ராவில் மகோலா என்ற பெரிய சந்தையையே இடித்துத் தள்ளினார்கள். குமாசிச் சந்தைக்குள்ளும் சிப்பாய்கள் புகுந்தார்கள். சரக்கைப் பிடுங்கி, அரசு சொன்ன விலைக்கு விற்றார்கள். எதிர்த்த பெண்களை அடித்தார்கள். பிறகு என்ன ஆனது? விவசாயிகள் ஊருக்குள் உணவுப் பொருள் கொண்டுவரவே பயந்தார்கள். தட்டுப்பாடு இன்னும் மோசமானது. கொஞ்ச நாளில் அதே பெண்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். பலருக்கு முதல் கையில் இல்லை. மறுபடி கடன் வாங்கித்தான் தொடங்கினார்கள்.

லாரிக்கு மருத்துவமனை

சந்தைக்குச் சரக்கு வர லாரி வேண்டும். லாரி கெட்டுப்போனால் சுவாமே மேகசினுக்குப் போகலாம். குமாசியின் ஒரு பக்கம் முழுக்கப் பட்டறைகள். எஞ்சின் பிரிப்பவர், வெல்டிங் வைப்பவர், பெயிண்ட் அடிப்பவர், பழைய இரும்பில் புதிய சாமான் செய்பவர் என்று பல ஆயிரம் பேர் அங்கே வேலை செய்கிறார்கள். பெரும்பாலானோர் பட்டறையிலேயே எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். அதே ஊரில் 1952இல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் திறந்தார்கள். இன்று அது பெரிய பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் 1980இல் சுவாமேயில் ஒரு தொழில் மையம் திறந்தது. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யப் பட்டறைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. படித்தவர்கள் பட்டறையைத் தேடிப் போனது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பக்கத்தில் பொன்விரே என்ற நெசவாளர் ஊர் இருக்கிறது. கென்ட்டே என்ற துணியை அங்கே நெய்கிறார்கள். நான்கு விரற்கடை அகலத்தில் நீளமான பட்டைகளாக நெய்து, பிறகு சேர்த்துத் தைப்பார்கள். 2024இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் கென்ட்டேயைச் சேர்த்தது.

புதிய கட்டடம்

பழைய சந்தையை ஒட்டி கெஜெட்டியா என்ற பெரிய பேருந்து, லாரி நிலையம் இருந்தது. 2015இல் அங்கே மாடிக் கட்டடமாகப் புதிய சந்தை கட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான கடைகளுடன் அது திறக்கப்பட்டது. 2023 மார்ச் 15 அன்று அதில் தீப்பிடித்துச் சில கடைகள் எரிந்தன.

அடுத்த கட்டமாகப் பழைய மத்தியச் சந்தை இருந்த இடத்திலும் கட்டும் வேலை தொடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற வேண்டியிருந்தது. பழைய சந்தையில் கிழங்கு என்றால் கிழங்கு மட்டும், தக்காளி என்றால் தக்காளி மட்டும் வரிசையாக இருந்தன. ராணி நடந்து போனால் தன் ஆட்கள் அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். இப்போது ஒரே சரக்கு விற்பவர்களில் சிலர் ஓர் இடத்திலும் சிலர் வேறோர் இடத்திலும் உட்கார்ந்தால், வழக்குக் கேட்க ராணி எங்கே போய் உட்காருவார்?