உறவில்லாத ஊரில் ஒரு குவளைத் தண்ணீர்



சொந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், நாம் அழைக்கும் முன்னே பாட்டியும் பெரியம்மாவும் வந்து நிற்பார்கள். ஒருவர் கஞ்சி காய்ச்சுவார். ஒருவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வார். பிழைப்பைத் தேடிப் பட்டணம் வந்த நமக்கோ அந்தக் கைகள் அருகில் இல்லை. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் ஆனாலும் மும்பையின் தாராவி ஆனாலும், சுவருக்கு அப்பால் குடியிருப்பவரின் பெயரைக்கூட நம்மில் பலர் அறியோம். கணவன் இரவு வேலைக்குச் சென்றிருக்க, அவ்வூர் மொழி அறியாத தாய் ஒருத்தி, துவண்டுபோன குழந்தையோடு யாருடைய கதவைத் தட்டுவாள்?

இதற்கு விடை தரும் ஒரு நிகழ்ச்சி கொல்கத்தாவுக்கு அருகிலேயே நடந்தது. 1971ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரத்துப் பொங்காவ்ன் நகரில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் சலைன் போதவில்லை. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே.

கொல்கத்தாவிலிருந்து சென்றிருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இந்தக் கலவையைக் கொல்கத்தாவில் பொட்டலமாகக் கட்டி வரவழைத்து, பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு, மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதன் இரகசியம் எளிது. காலராவிலும்கூட, குடல் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சுகிறது. அதன் பின்னே தண்ணீரும் உடலுக்குள் செல்கிறது.

கவனியுங்கள்! அந்தக் குவளையைப் பிடித்த கைகள் யாருடையவை? வீட்டையும் நிலத்தையும் இழந்து வந்த சாதாரண மக்களின் கைகள். மனதுருக்கத்துக்குப் பட்டம் தேவையில்லை; இரவெல்லாம் அருகில் அமர்ந்து கரண்டி கரண்டியாகப் புகட்டும் பொறுமையே தேவை. நல்ல சமாரியனும் மருத்துவன் அல்லவே! வழிப்பயணத்தில் தன்னிடம் இருந்ததைக் கொண்டே காயம் கட்டினான்.

நாம் செய்யவேண்டியது என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டை வீட்டில் வைத்திருங்கள். அது கிடைக்காத வேளையில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவேண்டாம். கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். கண்கள் குழிவிழுந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குடிக்க முடியாமல் குழந்தை சோர்ந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிரியமானவர்களே, அந்தப் பொட்டலங்களில் ஒன்று உங்கள் பிள்ளைக்கு. மற்றொன்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. இன்றே அந்த வீட்டாரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நடு இரவில் தட்டப்படும் கதவு உங்களுடையதாக இருக்கட்டும். அது உடனே திறக்கட்டும்.